பருப்பு வேகாத தண்ணீர்: கல்லூரி ப்ராஜெக்டை யார் முன்னால் வைப்பது?

மார்ச் கடைசி வாரம். வேலூரில் அந்த நேரத்திலேயே பத்து மணி வெயில் மண்டையைப் பிளக்கும். எங்கள் கல்லூரி வேப்பமரத்தடியில் ஷாமியானா போட்டு, வகுப்பறை பெஞ்சுகளை வெளியே இழுத்து வந்து வரிசையாக நிறுத்தியிருந்தோம். மூன்றாமாண்டு மாணவர்கள் தங்கள் ப்ராஜெக்டுகளைப் போஸ்டராக அடித்து அந்த பெஞ்சுகளில் சாய்த்து வைத்திருந்தார்கள். சிலர் ஃப்ளெக்ஸ், சிலர் வெறும் சார்ட் பேப்பர்.

வேதியியல் மாணவி ஒருத்தி பாலாற்றங்கரையை ஒட்டிய சில தெருக்களில் போர் தண்ணீர் பிடித்து வந்து, அதன் கடினத்தன்மையை அளந்திருந்தாள். அட்டவணை, விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். நடுவில் அவளே கையால் வரைந்த தெரு வரைபடம் மட்டும் தமிழில். துறைத் தலைவர் வந்தார், இரண்டு கேள்வி கேட்டார், சரியாகச் சொன்னாள். பக்கத்துத் துறை ஆசிரியர்கள் வந்து தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் வளாகம் பெருக்கும் அம்மா ஒருவர் துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"இன்னா பாப்பா, எங்க தெரு பேரு போட்டு கீது?"

"உங்க தெரு போர் தண்ணில கால்சியம், மெக்னீசியம் எவ்ளோ கீதுன்னு பார்த்தேன் ஆயா."

அந்த அம்மா கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தார். "அந்தத் தண்ணில பருப்பு வேவவே மாட்டேங்குது. பத்து விசில் வச்சாலும் அப்படியே நிக்குது. சோடா உப்பு போட்டாத்தான் கரையுது. இது அதனாலயா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடினாள். விடை அவளுக்குத் தெரியும். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு கால்சியம் சேர்ந்தால் அது இறுகிவிடும், எவ்வளவு கொதித்தாலும் எளிதில் பிரியாது. சோடா உப்பு அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். இதையெல்லாம் வெவ்வேறு பாடத்தில் படித்தவள்தான். ஆனால் மூன்று மாதம் அந்தத் தெருக்களில் பாட்டிலோடு அலைந்தும், ஒரு வீட்டில்கூட "உங்க வீட்டுல பருப்பு வேகுதா" என்று கேட்கவில்லை. அவள் கைடாக இருந்த எனக்கும் அது தோன்றவில்லை.

இளங்கலை மாணவர்களின் ஆராய்ச்சியை வளாகத்தில் எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். கைடும் வெளித் தேர்வாளரும் வேலை சரியாக நடந்ததா என்று பார்ப்பார்கள். அந்த வேலைக்குள் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்வியை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் வெளியே இருந்து வருகிறார்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளங்கலை மாணவரை ஆராய்ச்சியில் இறக்குவதை ஒரு முறையான திட்டமாக 1969-ல் தொடங்கியது அமெரிக்காவின் எம்.ஐ.டி. அதை நடத்தியவர் மார்கரெட் மக்விகர் என்ற இயற்பியல் பேராசிரியர். பட்டப்படிப்பு மாணவர்களுக்கென்றே தேசிய மாநாடு 1987-ல் அதே அமெரிக்காவில் ஆரம்பித்தது. ஆராய்ச்சி மாணவர் மூன்றே நிமிடத்தில், ஒரே ஸ்லைடில், துறை தெரியாதவருக்கும் புரியும்படி தன் வேலையைச் சொல்ல வேண்டும் என்ற போட்டியை 2008-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் கொண்டுவந்தது. இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் நடக்கும் போஸ்டர் நாள், மூன்று நிமிடப் பேச்சு எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

அதற்காக இது முழுக்க இறக்குமதி என்று நினைக்க வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த 18 வயது சந்திரசேகர், 1929 ஜனவரியில் சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் தன் கட்டுரையைப் படித்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர் அவர். அப்போது அது விதிவிலக்கு. கெட்டிக்காரப் பையன் ஒருவன் பெரியவர்கள் சபையில் ஏறிப் பேசினான், அவ்வளவுதான். சராசரி மாணவனுக்கும் அந்த மேடை வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் மெல்லத்தான் வந்தது.

இப்போது விதிகளும் அந்தப் பக்கம் சாய்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் பட்டம் படிக்கலாம். அந்த ஆராய்ச்சிக்கு மட்டும் 12 கிரெடிட். ஆனால் நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாண்டுப் படிப்புக்காரர்கள். அவர்களுக்குக் கிடைப்பது கடைசி ஆண்டில் வரும் ஒரு ப்ராஜெக்ட், அதற்கு வைவா என்ற ஒரு வாய்மொழித் தேர்வு. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கப்போகிறவர்கள் அவர்களில் நிறைய பேர். ஆராய்ச்சி என்ற சொல்லோடு வாழ்க்கையில் அவர்களுக்கு வாய்க்கும் ஒரே உறவு அந்தச் சில மாதங்கள்தான். அதை எப்படி நடத்துகிறோம் என்பது அதனால் எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

மருத்துவ மாணவர்களுக்கு இந்த விஷயத்தில் வழி முன்பே திறந்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே இரண்டு மாதம் ஒரு சிறு ஆய்வு செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் உதவித்தொகை கொடுத்து வருகிறது. நம் ஊர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களையே கிராமத்தில் தங்கவைத்து, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். நோயைப் படிக்கும் முன்னால் நோய் வரும் வீட்டைப் பார்க்கட்டும் என்ற ஏற்பாடு அது.

சி.எம்.சி. என்றதும் மாணவர் ப்ராஜெக்ட் என்ற பேச்சில் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் கதை ஒன்று உண்டு. அதை வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். 1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தார் நிர்மலா. 32 வயது, சின்னக் குழந்தைகள், ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பார் என்றார். இந்தியாவில் அது இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுமே ஒன்றும் கிடைக்காது என்றுதான் நினைத்தார். காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் சுமார் 80 ரத்த மாதிரிகள் சேர்த்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சென்னையில் அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில், டாக்டர் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வுப் பிரிவில் இருந்தது. 1986 பிப்ரவரியில், ஐஸ் பெட்டியில் அந்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு கணவரோடு ராத்திரி ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கினார். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, கிருமி இருப்பதற்கான அடையாளம் அது. மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதே முடிவு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான்.

அவர் முதுகலை மாணவி, நம் பிள்ளைகள் இளங்கலை. அந்த வித்தியாசம் இருக்கட்டும். எனக்கு அதில் முக்கியம் வேறு. பட்டத்துக்காகச் செய்த வேலை அது. பதில் "இல்லை" என்றுதான் வரும் என்று நினைத்தே நேர்மையாகத் தொடங்கிய வேலை. அந்த ஐஸ் பெட்டி இறங்கிய அதே காட்பாடி பிளாட்பாரத்தில்தான் எங்கள் மாணவர்கள் தினமும் ரயிலைப் பிடிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது தண்ணீர் சம்பந்தப்பட்டது. தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்த தீர்ப்பு அது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் என்னை நிறுத்தி வைத்தது சட்டக் கொள்கை அல்ல, சில எண்கள். தோல் பட்டறைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுசாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த ஆரம்பக் கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகப் போய்ப் பார்த்த கணக்கும் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

467 கிணறுகளை எட்டிப் பார்த்து எழுதிவைக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கால் வேண்டும், நோட்டு வேண்டும், பொறுமை வேண்டும். பி.எஸ்ஸி. மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை. அப்படி எண்ணியது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ப்ராஜெக்ட் என்றாலே பெரிய கருவி, புரியாத தலைப்பு என்று பயப்படும் மாணவர்களிடம் இந்த இரண்டு எண்களைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.

நடைமுறைக்கு வருவோம். டிசம்பர் வாக்கில் தலைப்பு கொடுப்பார்கள். சில இடங்களில் பழைய தலைப்புகளின் பட்டியலே சுற்றும். முதல் ரிவியூ, இரண்டாம் ரிவியூ என்று தேதி வரும். பிறகு கைடு கையெழுத்துக்காகக் காத்திருப்பு, ஜெராக்ஸ் கடையில் பைண்டிங், ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து. வைவா அன்று எக்ஸ்டர்னல் வருவார். அறுபது பேருக்கு ஒரு பகல் என்றால் ஆளுக்கு ஐந்தாறு நிமிடம்தான் வரும். அதோடு அந்தப் புத்தகம் பீரோவுக்குள் போகும்.

நான் படித்த காலத்தில் தோல் பட்டறைக் கழிவுநீரில் குரோமியம் பற்றி ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். பட்டறை வாசலில் காலை ஐந்து மணிக்கு நின்று மாதிரி எடுத்திருக்கிறேன், விரட்டியும் விட்டிருக்கிறார்கள். வைவாவில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, பக்க எண் ஏன் மேலே போட்டிருக்கிறாய் என்பது. நாலைந்து வருஷம் கழித்து அந்தக் கல்லூரிக்குப் போனபோது, இடம் போதவில்லை என்று பழைய ப்ராஜெக்டுகளை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அன்று பஸ் ஏறும்போது நெஞ்சை அடைத்தது. மார்க் பற்றிய வருத்தம் இல்லை அது. நான் கண்டதை ஒரு ஆள்கூட என்னிடம் கேட்கவில்லையே என்பதுதான்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? "ப்ராஜெக்ட் செய்து தரப்படும்" என்று போர்டு வைத்த கடைக்குப் போகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தலைப்பைக் கொடுத்தாலே ஐம்பது பக்கம் வந்து விழுகிறது. இதை ஒழுக்கக்கேடு என்று திட்டித் தீர்க்க எனக்கு மனசு வரவில்லை. பைண்டிங் தடிமனுக்கு மார்க் போடும் இடத்தில் தடிமன்தான் வந்து சேரும். ஆனால் விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட் வேப்பமரத்தடியில் நிற்காது. "இது எந்த வீட்டுத் தண்ணி? எத்தனை மணிக்குப் பிடிச்ச? பாட்டிலக் கழுவினியா?" என்று பக்கத்து வகுப்புப் பையன் கேட்டாலே ஆட்டம் கண்டுவிடும். நாலு பேர் வந்து பார்ப்பார்கள் என்று டிசம்பரிலேயே தெரிந்துவிட்டால், வேலையை அதற்கேற்ற மாதிரி செய்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் மாதிரி எடுத்த ஒவ்வொரு வீட்டின் நேரத்தையும், போர் ஆழத்தையும் தனி நோட்டில் எழுதிவைத்திருந்தாள். வைவாவுக்கு அது தேவையே இல்லை.

அப்புறம் மொழி. எங்கள் பிள்ளைகள் நிறைய பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். ப்ராஜெக்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஆங்கிலத்தில் பேச வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வளாகத்தில் எல்லோருக்கும் வைக்கும்போது தமிழில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பார்க்க வருகிறவர்களில் பெற்றோர் இருப்பார்கள், வாட்ச்மேன் இருப்பார், கேன்டீன்காரர் இருப்பார். அப்போதுதான் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்பதே தெரியும். எங்கள் மாணவி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தில் முடித்த செய்முறையை அன்று தமிழில் இப்படிச் சொன்னாள்: "இந்தத் தண்ணிய கொஞ்சம் எடுத்து ஒரு சாயம் போடுவேன். கல்லு உப்பு இருந்தா திராட்சை ஜூஸ் கலர்ல ஆயிடும். அப்புறம் மேல இருந்து ஒரு மருந்த சொட்டு சொட்டா விடுவேன். அந்த மருந்து உப்பையெல்லாம் புடிச்சிக்கும். எல்லாத்தையும் புடிச்சதும் டக்குன்னு நீலமா மாறும். எத்தனை சொட்டு ஆச்சோ, அவ்ளோ உப்பு." சாயத்துக்கு எரியோகுரோம் பிளாக் டி, மருந்துக்கு ஈ.டி.டி.ஏ. என்ற பெயர்கள் இல்லாமலே விஷயம் முழுசாக வந்துவிட்டது. கூடவே ஒரு தட்டில் செய்தும் காட்டினாள். அந்தக் கடைசிச் சொட்டில் நிறம் மாறியபோது சுற்றி நின்றவர்கள் "ஏய்" என்று சத்தம் போட்டார்கள்.

போஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் நம் பிள்ளைகள் ஐம்பது பக்கத்தையும் சுருக்கி ஒரு ஃப்ளெக்ஸில் அடைக்கிறார்கள். மேலே கல்லூரிச் சின்னம், விருந்தினர் படம், முதல்வர் படம். கேள்வி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஒரு போஸ்டருக்கு ஒரு கேள்வி போதும். என்ன கேட்டேன், எப்படிப் பார்த்தேன், என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை. நாலடி தள்ளி நிற்பவருக்கு எழுத்து தெரிய வேண்டும். எண்ணைப் போட்டால் அதை ஒப்பிட ஓர் அளவும் பக்கத்தில் வேண்டும்: கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் அட்டவணையை மட்டும் வைத்தால் பார்ப்பவருக்கு அது வெறும் கணக்குதான்.

"எது கிடைக்கவில்லை" என்பதை எழுதத்தான் பிள்ளைகளுக்கு ரொம்பத் தயக்கம். எதிர்பார்த்தது வரவில்லை என்றால் தோல்வி என்று நினைத்து எண்ணைத் திருத்துகிறவர்கள்கூட உண்டு. எதிர்பார்த்தது வராததும் ஒரு முடிவுதான் என்பதைச் சொல்லித்தர வேண்டியது நாங்கள்.

கேள்விக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து விவசாயிக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாயாவது கூடக் கிடைக்கிறதா? பி.காம். மாணவர்கள் இருபது பேர் நூறு நூறு கேள்வித்தாளைக் கொடுத்து ஏதோ ஒரு செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் திருப்தியை அளப்பதற்குப் பதில், இதைப் போய்ப் பார்க்கலாம். கோட்டை அகழித் தண்ணீர் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது? குடியாத்தம் கைத்தறி லுங்கி நெய்பவர்கள் வீட்டில் அடுத்த தலைமுறை தறியில் உட்காருகிறதா? 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு கரையோரக் கிணறுகளின் உப்பு குறைந்ததா, குறைந்தது எத்தனை மாதம் நின்றது? காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வந்தாலும் புழக்கத்துக்குப் போர் தண்ணீரையே நம்பும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளில் தண்ணீர் கேன் வாங்கும் செலவு மாதத்துக்கு எவ்வளவு? இதில் எதற்கும் லட்ச ரூபாய்க் கருவி தேவைப்படாது.

இப்படி ஒரு நாள் நடத்துவதில் சிரமங்களும் உண்டு. செமஸ்டர் தேர்வு நெருக்கத்தில் வரும், ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைப் பளு. ஃப்ளெக்ஸ் அடிக்கும் காசு எல்லா வீட்டிலும் இருக்காது, அதனால் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும் என்று நாங்கள் முதலிலேயே சொல்லிவிட்டோம். சிறந்த போஸ்டருக்குப் பரிசு வைப்பதை நான் விரும்புவதில்லை. பரிசு என்றதும் நடுவர்கள் வந்தால்தான் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், மற்றவர்கள் வந்தால் செல்போனைப் பார்க்கிறார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு போஸ்டருக்குக் கீழேயும் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். வந்தவர்கள் தங்கள் கேள்வியை எழுதலாம், எழுதத் தெரியாதவர் சொன்னால் அந்த மாணவரே எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த மாணவியின் நோட்டில் பதினாறு கேள்விகள் சேர்ந்திருந்தன. நாலைந்து "சூப்பர்" என்று எழுதியவை. ஒன்று முதலாண்டுப் பையன் எழுதியது: மழைக்காலத்தில் அளந்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்குமா? நல்ல கேள்வி. கடைசியில், அவள் கையெழுத்திலேயே, "பருப்பு ஏன் வேகவில்லை."

மறுநாள் காலை அவள் என் அறைக்கு வந்தாள். வைவாவுக்கு ஒன்பது நாள் இருந்தது, பைண்டிங் இன்னும் கொடுக்கவில்லை. "சார், ஹாஸ்டல் மெஸ்ல ஒரு குக்கர் கேட்டிருக்கேன். ஒரே பருப்பு, ஒரே அளவு. மூணு தெருத் தண்ணி, அப்புறம் ஒண்ணு டிஸ்டில்டு வாட்டர். எத்தனை விசில்ல மசியுதுன்னு பார்க்கலாமா?"

குக்கர் வந்தது. லேபில் அடுப்பு இருக்கிறது. துவரம்பருப்பை மட்டும் அந்த அம்மாவே வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் வாங்கினால் பருப்பு பழசா புதுசா என்று தெரியாதாம், பழைய பருப்பாக இருந்தால் அதுவே வேகாதாம். நாங்கள் இரண்டு பேரும் அதையும் யோசித்திருக்கவில்லை.